மருதையன் வீட்டுச் சிரிப்பு

அப்பன் சாவுக்குப் பரிதி வரவில்லை. அதை ராமாயி மன்னித்துவிட்டாள். சவுதியில், தமாமில் ஒரு அரபி வீட்டுக் கார் ஓட்டுகிறவன், பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கிப் பூட்டி வைத்திருக்கும்போது பறந்தா வருவான்? அவள் நெஞ்சை அறுத்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். இரண்டு வருஷமாக மகனிடமிருந்து ஒரு சொல் கிடையாது.

முன்பெல்லாம் அப்படி இல்லை. மாதம் தவறாமல் கேசட்டில் பேசி அனுப்புவான். "அன்புள்ள அம்மா, அப்பா" என்று செய்தி வாசிக்கிறவர் மாதிரி விறைப்பாக ஆரம்பிப்பான். இரண்டு நிமிஷத்தில் அந்த விறைப்பு போய்விடும். அப்புறம் அப்பனை வம்புக்கு இழுத்து, தானே சிரித்து முடிப்பான். ராமாயி வீட்டில் டேப் ரிக்கார்டர் ஏது? எதிர்வீட்டுக் காளியம்மாளின் மகன் சிங்கப்பூரில் இருந்ததால் அங்கே எல்லாம் இருந்தது. அங்கே போட்டுக் கேட்பார்கள். தெருவே வந்து கேட்கும். புருஷன் மருதையன் செத்த பிறகு ஒரு கேசட்கூட வரவில்லை. படித்த பிள்ளைகளைப் பிடித்து நாலு கடிதம் எழுதிப் போட்டாள். கிணற்றில் போட்ட கல்தான்.

தமாமிலிருந்து லீவில் வந்த திருப்பனந்தாள்காரர் ஒருவரிடம் போய் விசாரித்தாள். "நல்லாத்தான் இருக்கான். ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. ஒங்க பேச்சை எடுத்தா மட்டும் எழுந்து போயிடுறான்," என்றார். பரிதியின் அறையில் இருக்கும் ஃபோனின் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஆறு மாதமாக அந்தச் சீட்டு அவளுடைய சுருக்குப்பையில் கிடந்தது. ஃபோன் போடப் பயம். போடாத வரைக்கும் பிள்ளை ஏதோ கோபத்தில் இருக்கிறான் என்று நினைத்துக்கொள்ளலாம். போட்டு, 'அம்மாடா' என்றதும் வைத்துவிட்டான் என்றால் அப்புறம் நினைத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

இப்படி இருக்கையில்தான் டிவிக்குள்ளிருந்து அவளுடைய சிரிப்பு கேட்டது.

தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஐப்பசி. சம்பா நடவு முடிந்து கால்களில் சேறு காயாத ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொழுது சாய்கிற நேரத்தில் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டு தெருவுக்குள் வந்தாள். காளியம்மாள் வீட்டைத் தாண்டும்போது உள்ளே ஒரு கூட்டம் சிரித்தது. அதில் ஒரு பொம்பளைச் சிரிப்பு எல்லாரையும் முந்திக்கொண்டு கிளம்பி, எல்லாரும் நிறுத்திய பிறகும் தனியாக ஒரு இழுப்பு இழுத்து அடங்கியது. யாரோ தெரிந்த பொம்பளை. யார் என்று மட்டும் பிடிபடவில்லை. இரண்டு அடி வைத்தாள். அடுத்த வீட்டிலும் அதே பொம்பளை சிரித்தாள். அதற்கடுத்த வீட்டிலும் சிரித்தாள். தெருவில் டிவி இருந்த ஏழெட்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் அவள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

காளியம்மாள் வாசலுக்கு ஓடிவந்தாள். ராமாயி தெருவில் நிற்பதைப் பார்த்ததும் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி, நீ இங்கயா நிக்கிற? இப்பத்தான உள்ள சிரிச்ச?"

"நான் எங்கடி சிரிச்சேன்?" என்றாள் ராமாயி. சொல்லும்போதே கை தானாகப் போய் வாயைத் தொட்டுப் பார்த்தது. வாய் மூடித்தான் இருந்தது. அவள் சிரித்தே இரண்டு வருஷம் ஆகிறது.

டிவி விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். அப்போது கேபிள் வந்து மூன்று வருஷம்தான். திருப்பனந்தாள் கடைத்தெருவில் ஆரோக்கியா வீடியோ என்று கடை வைத்திருந்த மிக்கேல்ராஜ் கல்யாணம், ஞானஸ்நானம், சாவு எல்லாவற்றையும் படம் பிடிப்பான். பாதி டேப் வெளிநாட்டுக்குத்தான் போகும். பிள்ளைகள் துபாயிலும் சவுதியிலும் கிடந்தால் கொள்ளி வைப்பதைக்கூட டேப்பில்தானே பார்க்க முடியும்? அவனுக்குக் கலை ஆசை வேறு. உள்ளூர் கேபிளில் ஞாயிறுதோறும் அரைமணி நேரம் வாங்கி, 'பெட்டி கட்டியாச்சு' என்று ஒரு காமெடித் தொடர் எடுத்துப் போட்டான். தரங்கம்பாடியிலிருந்து வந்த டிரில் மாஸ்டர் ஜோஸ்வா கதாநாயகன். வாராவாரம் அவருக்கு விசா வந்துவிடும். பெட்டி கட்டி, ஊரைக் கூட்டி விருந்து வைத்து, மாலை போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். ஏதாவது ஒன்றில் தட்டிப்போய்க் கடைசியில் பெட்டியோடு வீட்டுக்கே திரும்பி வருவார். அவருடைய அம்மா பெட்டியைத் திறந்து ஊறுகாய் பாட்டிலை எடுத்து மறுபடி அலமாரியில் வைப்பாள். அத்தோடு அந்த வாரம் முடிந்தது.

முதல் நாலு வாரம் ஜனங்கள் இதைப் பார்த்துச் சிரிக்கவே இல்லை. வீட்டுக்கு வீடு கட்டி வைத்த பெட்டி ஒன்று பரணில் இருந்தது, எப்படிச் சிரிப்பார்கள்? ஒரு வீட்டில் அழுதேவிட்டார்களாம். கேபிள்காரர் மிக்கேல்ராஜைக் கூப்பிட்டு, "இது காமெடியாய்யா, எழவாய்யா? மெட்ராஸ்காரன் நாடகத்துல எல்லாம் பின்னால சிரிப்புச் சத்தம் வருதுல்ல, அதப் போடு. எங்க சிரிக்கணும்னு ஜனங்களுக்கு நாமதான் சொல்லணும்," என்றார். ஐந்தாவது வாரத்திலிருந்து சிரிப்பு வந்தது. ஜனங்களும் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

அடுத்த ஞாயிறு ராமாயி காளியம்மாள் வீட்டில் போய் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தாள். அரைமணியில் அந்தச் சிரிப்பு ஒன்பது தடவை வந்தது. ஒன்பதும் ஒன்றேதான், அதே முந்தல், அதே கடைசி இழுப்பு. ஜோஸ்வா வழுக்கி விழுந்தாலும் சிரிப்பு. ஊறுகாய் பாட்டிலை அம்மா அலமாரியில் வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், அதற்கும் சிரிப்பு. தன் சிரிப்பு தன்னைக் கேட்காமல் இப்படி ஊரார் வீட்டில் வேலைக்குப் போவதைப் பார்க்க ராமாயிக்குப் பொறுக்கவில்லை.

"நானும் அதுல இருக்கேன்டி," என்றாள் காளியம்மாள் மெல்ல. "ஒனக்குப் பின்னாடியே கேக்குது பாரு."

"ம்."

"அன்னிக்குத்தானே?"

"வாயை மூடு," என்றாள் ராமாயி.

'அன்னிக்கு' என்றால் மருதையன் செத்த அன்று. அந்தத் தெருவில் யாரும் வாய்விட்டுப் பேசாத சங்கதி அது.

மருதையனுக்குத் தொழில் துரைராசு ஐயாவின் வயலுக்குத் தண்ணீர் கட்டுவது. அதற்கும் மேலே அவருக்கு ஒரு தொழில் உண்டு. ஊரைச் சிரிக்க வைப்பது. முகத்தில் ஒரு சுருக்கம் மாறாமல் சொல்லுவார். குடிக்கணக்கு எடுக்க வந்தவர் வயசு கேட்டால், "ஐயா வூட்ல கேட்டுச் சொல்றேங்க. அவங்க வயல்லதான் பொறந்தேன், அவங்ககிட்டதான் எழுதியிருக்கும்," என்பார். நடவுப் பெண்கள் வரப்பில் விழுந்து சிரிப்பார்கள். பழகப் பழக அவர் வாயைத் திறந்தாலே சிரிப்பு என்றாகிவிட்டது. சொன்னது என்ன என்று கேட்கிற பொறுமைகூட யாருக்கும் இல்லை. சாவதற்கு முதல் நாள் சாயங்காலம், "நெஞ்சு என்னமோ பண்ணுது புள்ள," என்றார். அடுத்து ஏதோ சொல்லப் போகிறார் என்று ராமாயி சிரித்தபடி காத்திருந்தாள். அவர் அடுத்து ஒன்றும் சொல்லவில்லை. விடியற்காலையில் மடை திறக்கப் போனவரை மண்ணியாற்றுக் கரையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

துரைராசு ஐயாவைப் பற்றி மருதையன் விளையாட்டாகப் பேசுவாரே தவிர, ஐயா தலை தெரிந்தால் எழுந்து நின்றுவிடுவார். சோறு தின்றுகொண்டிருந்தால் தட்டோடு எழுந்து நிற்பார். முள் தைத்த காலோடும் எழுந்து நிற்பார். காலம் மாறிப்போய் இளசுகள் எல்லாம் உட்கார்ந்தபடியே "வாங்க" என்று சொல்ல ஆரம்பித்த பிறகும் அவர் மட்டும் எழுந்தார். பரிதிக்கு அது ஆகாது. அவன் சவுதிக்குப் போனதே பாதி அந்தக் கோபத்தில்தான். "அப்பா, நீங்க ஒருநாளாவது ஒக்காந்துக்கிட்டே அந்த ஆளுக்குப் பதில் சொல்லுங்க, நான் போகல," என்று கிளம்புகிற அன்றுகூடச் சொன்னான். "கால் கேக்க மாட்டேங்குதுடா, அது ஐயா கட்சி," என்றார் மருதையன். அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள்.

சாவுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து கைவைத்த மர நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து, குளிப்பாட்டி, வேட்டி கட்டி அவரை அதில் உட்கார வைத்திருந்தார்கள். தாடையைச் சேர்த்துத் தலையோடு வெள்ளைத்துணியால் ராமாயிதான் கட்டினாள். பந்தல்காரன் மடக்கு நாற்காலிகளை இறக்குவதற்கு முன்னாலேயே துரைராசு ஐயா மாலையோடு வந்துவிட்டார். மாலையைப் போட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ஒப்பாரி நின்றுபோனது. அந்தத் தெருவில் அன்றைக்கு இருந்த ஒரே நாற்காலியில் மருதையன் உட்கார்ந்திருக்க, ஐயா நின்றார். உட்காரச் சொல்ல இடமில்லை. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

அப்போது மருதையன் சொன்னார். "ஒக்காருங்கய்யா. நான் எந்திரிச்சுக்குறேன்."

அவருடைய குரல்தான். அந்த மெத்தனம்தான். ராமாயிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தலையைத் தூக்கி, வாய்விட்டு, தாலி இன்னும் கழுத்தில் கிடக்க, அவள்தான் முதலில் சிரித்தாள். பந்தல் முழுக்கச் சிரித்தது. சிரித்து முடித்த பிறகுதான் ஒவ்வொருவராக அடங்கினார்கள். யார் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை. அடுத்த அரைமணிக்குள் அவசர அவசரமாகத் தூக்கிக்கொண்டு போய் ஆற்றங்கரையில் எரித்துவிட்டார்கள். கூட்டத்தில் எவனோ குறும்புக்காரன் குரல் மாற்றிப் பேசியிருப்பான் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டார்கள். யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் சொன்ன வார்த்தையை அன்றைக்குப் பிறகு ஒருவரும் திரும்பச் சொல்லவில்லை. துரைராசு ஐயா மட்டும் அதன்பிறகு நாலு பேருக்கு முன்னால் நாற்காலியில் உட்காருவதை நிறுத்திவிட்டார். கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில்கூடச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டார். மூலம் என்றார்கள். இருக்கலாம்.

திங்கட்கிழமை காலையில் ராமாயி திருப்பனந்தாளுக்கு நடந்தே போனாள்.

"யாரைக் கேட்டு என் சிரிப்பை எடுத்துப் போட்டீங்க தம்பி?" என்று கடைவாசலில் நின்று கேட்டாள். மிக்கேல்ராஜுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "உள்ள வாங்கம்மா," என்று கையெடுத்தான்.

அவன் கெட்டவன் இல்லை, அவசரக்காரன். சிரிப்புச் சத்தம் வேண்டுமென்று கோயில் தெருவில் இருபது பேரைக் கூட்டி டீ வாங்கிக் கொடுத்துச் சிரிக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறான். மைக்கைக் கண்டதும் எல்லாருக்கும் வெட்கம். சிரிப்பு இருமல் மாதிரிதான் வந்தது. கல்யாண டேப்புகளில் தேடினால் மேளமும் ஸ்பீக்கர் பாட்டும் மேலே ஏறி நின்றன. அப்புறம்தான் சாவு டேப்புகளைப் போட்டுப் பார்த்திருக்கிறான்.

"மேளம் இல்லாம, பாட்டு இல்லாம, மனுசங்க நெசமா சிரிச்ச சிரிப்பு என்கிட்ட இது ஒண்ணுதாம்மா இருந்துச்சு. சரியாப் பதினோரு செகண்ட். யார் வூடுன்னுகூட டேப்பு மேல பாக்கல. மாதா சத்தியமா."

"அந்த டேப்பப் போடுங்க."

"வேணாம்மா."

"போடுங்க தம்பி. எம் புள்ளைக்கு அனுப்பினதும் இந்த டேப்புதான?"

அனுப்பியது இதன் சுருக்கம்தான் என்றான் மிக்கேல்ராஜ். மூன்று மணிநேரம் எடுத்ததை ஒரு மணியாக்கித்தான் வெளிநாட்டுக்கு அனுப்புவான். அழுகை, மாலை, பாடை, கொள்ளி எல்லாம் இருக்கும். சத்தமில்லாத இடங்களை மட்டும் எடுத்துவிடுவான். "சும்மா நிக்கிற எடமெல்லாம் எதுக்குன்னு வெட்டிடுவேன். ஒங்க டேப்புலயும் ஒப்பாரி நின்னதுலேர்ந்து சிரிப்பு வரைக்கும் வெட்டிட்டேன். ரெண்டே முக்கால் நிமிசம். நல்லா ஞாபகம் இருக்கு." சொல்லிக்கொண்டு வந்தவன் பாதியில் நிறுத்தினான். ராமாயி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒப்பாரி. அடுத்த நொடியே தலையைத் தூக்கிச் சிரிக்கிற அம்மா. நடுவில் ஒன்றும் இல்லை. தமாமில் தன்னந்தனியாக ஒரு அறையில் உட்கார்ந்து பிள்ளை இதைத்தான் பார்த்திருக்கிறான். இரண்டு வருஷப் புதிர் இப்படி ஒரே வரியில் அவிழ்ந்ததும் ராமாயிக்கு ஆத்திரமே வரவில்லை. காரணம் கிடைத்துவிட்டதே என்று ஒரு நிம்மதிதான் வந்தது. அந்த நிம்மதியில்தான் முழு டேப்பையும் பார்க்கத் துணிந்தாள்.

மிக்கேல்ராஜ் போட்டான். அன்றைக்குப் படம் பிடித்தது அவனுடைய கடைப் பையன்; அவன் அங்கே போயிருக்கவில்லை. மருதையன் நாற்காலியில் இருந்தார். தாடைக்கட்டு வெள்ளையாகத் தெரிந்தது. ஐயா வந்தார், மாலை போட்டார், நின்றார். ஒப்பாரி நின்றது. டிவிக்குள் ஒரு காக்கை கத்தியது. தூரத்தில் ஒரு ஆடு கத்தியது. ராமாயி இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். இதோ சொல்லப் போகிறார், இதோ. டேப் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு குரலும் வரவில்லை. ஆனால் ஐயா மட்டும் திடுக்கிட்டு இரண்டடி பின்னால் போய், அந்தத் தெருவில் எவனுக்கும் கூப்பாத கையை மருதையனைப் பார்த்துக் கூப்பினார். அப்புறம் ராமாயியின் தலை நிமிர்ந்தது. சிரிப்பு.

"ஐயா ஏம்மா பின்னால போறாரு?" என்றான் மிக்கேல்ராஜ். திரும்ப ஓட்டினான். சத்தத்தை முழுக்க ஏற்றினான். காக்கை, ஆடு, சிரிப்பு. மூன்றாம் தடவை ஓட்டியபோது படத்தில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒருவர் வாயும் அசையவில்லை. ஆனால் எல்லார் கண்களும் ஒரே நேரத்தில் நாற்காலிப் பக்கம் திரும்பின. "யாரும்மா பேசினது? எதுக்குச் சிரிச்சீங்க?"

"அவருதான்," என்றாள் ராமாயி.

மிக்கேல்ராஜ் டிவியை அணைத்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். என்ன சொன்னார் என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு 'பெட்டி கட்டியாச்சு' வரவில்லை. அதற்கு முன்னாலேயே வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. அரபி நாட்டில் அன்று லீவு. மிக்கேல்ராஜ் மத்தியானம் கடையை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, ராமாயியின் சீட்டை வாங்கித் தானே நம்பரைச் சுழற்றினான். "தப்பு என்னோடதும்மா. நானே சொல்றேன்," என்றான். அவளுக்கு ஃபோனுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டான், அவள் உட்காரவில்லை.

மணி அடித்தது. பரிதிதான் எடுத்தான். மிக்கேல்ராஜ் தன்னை யார் என்று சொல்லி, வெட்டிய கதையை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். "நடுவுல உள்ளத நான் எடுத்துட்டேன் தம்பி, அதான் ஒங்கம்மா சும்மா சிரிக்கிற மாதிரி தெரியுது, அவங்க மேல ஒரு குத்தமும் இல்ல." பிறகு அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டான்.  "இல்ல தம்பி, அந்த எடம் ஒங்க டேப்புல கெடையாது. நானே வெட்டினேன்," என்றான். மறுபடி கேட்டான். ரிசீவரை ராமாயியிடம் நீட்டினான்.

"பரிதி," என்றாள். "அம்மாடா."

வைத்துவிடவில்லை. மூச்சு கேட்டது.

"அவரு வெட்டிட்டேங்குறாரு. வெட்டலம்மா. எல்லாம் இருக்கு," என்றான் பரிதி. இரண்டு வருஷத்தில் அவன் குரல் கிழடு தட்டிப்போயிருந்தது. "அந்த ஆளு வர்றாரு. மாலை போடுறாரு. அப்பா பேசுறாரு."

ராமாயி ரிசீவரைக் காதோடு சேர்த்து அழுத்தினாள். "என்னடா பேசுறாரு?"

"'ஒக்காருங்கய்யா. நான் எந்திரிச்சுக்குறேன்.'"

ஒரு எழுத்து மாறவில்லை. யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. ஊரிலேயே யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

"எந்திரிக்கிறேன்னு சொன்னாரும்மா," என்றான்.  "நீ சிரிச்ச. எல்லாரும் சிரிச்சீங்க. ஒருத்தராவது கிட்டப் போயித் தொட்டுப் பாத்தீங்களா? எந்திரிக்கிறேன்னு சொன்ன மனுசனைக் கட்டித் தூக்கிக்கிட்டுப் போயி எரிச்சுட்டீங்களேம்மா. ரெண்டு வருசமா ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் அந்த டேப்பப் போடுறேன். ஒவ்வொரு தடவையும் சொல்றாரு. உசுரோட எரிச்ச ஒங்கிட்ட நான் என்னத்தப் பேசுவேன்?"

சிரித்ததற்குக் கோபம் என்றுதானே அவள் நினைத்துக்கொண்டு வந்தாள்? அது ஒரு மண்ணும் இல்லை. இதை வைத்துக்கொண்டா இந்தப் பிள்ளை இத்தனை நாள் சோறு தின்றான், தூங்கினான், அடுத்தவன் காரை ஓட்டினான்?  ஆனால் இந்த ஒரு கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது.

"கேளுடா. விடியாலையே செத்துட்டாரு. வெறச்சுப் போன கையை மடக்கி உக்கார வக்கிறதுக்குள்ள நாலு பேரு திணறிப் போயிட்டோம். நான் குளுப்பாட்டினேன். மாருல காது வச்சுக் கேட்டேன், ஒரு நாழி கேட்டேன். வாயை என் கையாலதான் கட்டினேன், மூணு முடிச்சு. அந்த வாயால யாராலயும் பேச முடியாது. ஒன் தலைமேல சத்தியம்டா பரிதி. உசுரு இல்ல."

 பரிதி தேம்பினான். சின்னப் பிள்ளையில் அடிவாங்கி அழுகிற மாதிரி, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதான். அவள் அழவிட்டாள்.

"அப்ப ஏம்மா சிரிச்ச?" என்றான் கடைசியில்.

அதைத்தான் இரண்டு வருஷமாக அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஆள் நிற்பதைக்கூட அவள் மறந்துபோனாள்.

"பழக்கம்டா. அவரு வாயைத் தொறந்தா சிரிக்கிறதுதான் எனக்குப் பழக்கம். நெஞ்சு வலிக்குதுன்னாரு, அதுக்கும் சிரிச்சேன். செத்தும்கூட அந்த ஐயாவுக்காக எந்திரிக்கப் பாத்தாருடா. அதுக்கு நான் தலையில அடிச்சுக்கிட்டு அழுதிருக்கணும். சிரிச்சுத் தொலைச்சேன்." மூச்சு வாங்கினாள். "நானும் ஒண்ணும் சொல்லல. ஊர்ல ஒருத்தரும் அவருக்குப் பதில் சொல்லல. பதில் வராமத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டு நிக்கிறாரு. டேப்பு பக்கத்துல இருக்கா?"

"மெஷின்லயே இருக்கு."

"போடு. அவரு சொன்னதும் நீ சொல்லு."

"என்னன்னும்மா?"

"எந்திரிக்க வேணாம்னு சொல்லு. நீ சொல்லித்தான் அவரு ஒருநாளும் கேக்கல. இப்பச் சொல்லு."

ஃபோனைப் பக்கத்தில் வைக்கிற சத்தம் கேட்டது. பொத்தான் தட்டுகிற சத்தம். கடலுக்கு அப்பாலிருந்து அவள் தெருவின் ஒப்பாரி கேட்டது. காளியம்மாளின் குரல் தனியாகத் தெரிந்தது. ஒப்பாரி நின்றது. காக்கை கத்தியது. ஆடு கத்தியது. அப்புறம், இந்தக் கடையில் மூன்று தடவை ஓட்டியும் வராத அந்தக் குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற அளவில் அவள் காதுக்குள் வந்தது.

"ஒக்காருங்கய்யா. நான் எந்திரிச்சுக்குறேன்."

"வேணாம்ப்பா," என்றான் பரிதி. "நீங்க ஒக்காருங்க. அந்தாளு நிக்கட்டும்."

ராமாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அந்தப் பதினோரு விநாடிச் சிரிப்புக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. டேப் ஓடுகிற இரைச்சல் மட்டும் இருந்தது. அந்த இரைச்சலுக்குள் பள்ளிக்கூடத்து மர நாற்காலி ஒரு தடவை கிறீச்சிட்டது. முதுகை நன்றாகச் சாய்த்து, கைகளைக் கைப்பிடியில் வைத்து ஒருவர் வசதியாக உட்காருகிற கிறீச்சு.

"ஒக்காந்துட்டாருடா," என்றாள் ராமாயி.